திங்கட்கிழமை இரவில் ஏறும் நாரி நோ: ஒரு நிகழ்வு ஆய்வு

நான் யாழ்ப்பாணத்தில் இயன்மருத்துவராக (பிசியோதெரபிஸ்ட்) வேலை செய்கிறேன். இங்கே எழுதுவது வலிகாமத்துச் செம்மண் ஊரொன்றில் இருந்து என்னிடம் வந்த ஒரு அக்காவைப் பற்றி. ஆளை அடையாளம் காண முடியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். வேறு இரண்டொருவரிடம் கண்டதை அவரிடமே வைத்துச் சொல்கிற இடங்களும் உண்டு. நெருக்கீடும் பதகளிப்பும் (வரப்போவதை நினைத்துப் பதறுவது) நோவைக் கூட்டும் என்பது எங்களுக்குப் படிக்கிற காலத்திலேயே சொல்லித் தந்ததுதான். எந்த நேரத்தில் கூட்டும், எந்த நேரத்தில் அதே பயம் நோவை விழுங்கிவிடும் என்பதைக் காட்டித் தந்தது அவர் எழுதிக்கொண்டு வந்த 80 பக்கக் கொப்பி.

வந்த விதம்

வயது 46. வெங்காயம் நடுவது, கிண்டுவது, பிடி கட்டுவது என்று தோட்டக் கூலி. மிச்ச நேரத்தில் தையல். கணவர் மேசன். 2022 பொருளாதார நெருக்கடியில் சீமெந்து விலை ஏறி, பாதியில் நின்ற வீடுகள் பல இன்னும் பாதியிலேயே நிற்கின்றன. கிழமையில் இரண்டு மூன்று நாள் வேலை கிடைத்தால் பெரிய காரியம். மகள் ஏ.எல். (உயர்தரம்) படிக்கிறாள்.

ஒருநாள் நடுகையில் குனிந்து நின்றவர் நிமிரும்போது நாரி பிடித்துக்கொண்டது. (எங்கள் பக்கத்தில் இடுப்பு வலி என்று யாரும் சொல்வதில்லை; நாரி நோ, நாரிப் பிடிப்பு.) முதல் இரண்டு கிழமை நல்லெண்ணெய், நொச்சியிலை ஒத்தடம், சித்தாலேப தைலம். பிறகு பரியாரியார் ஒருவரின் எண்ணெயும் கட்டும். பிறகு பாமசியில் கேட்டு வாங்கிய டைக்ளோபெனாக் என்ற நோக் குளிசை, கிட்டத்தட்ட நாள்தோறும். சாதாரண நாரிப் பிடிப்பு ஆறு கிழமைக்குள் பெரும்பாலும் தன்பாட்டில் அடங்கிவிடும். இவருக்கு அடங்கவில்லை, பரவியது: நாரியில் இருந்து இரண்டு தொடைக்கும், பிறகு பிடரிக்கும் தலைக்கும். என்னிடம் வந்தபோது 14 மாதம் ஆகியிருந்தது.

இடையில் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்லி ஒருவர் எழுதிக் கொடுத்திருக்கிறார். எடுக்கிற இடத்தில் முதலில் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். அதில் உடம்பில் உலோகம் ஏதும் உண்டா என்றொரு கேள்வி. வன்னியில் இருந்து வந்த பலர் அந்தக் கேள்வியில் தடக்குப்படுவார்கள். இவருடைய வலத் தொடையில் செல் பீஸ் (எறிகணைத் துண்டு) ஒன்று 2009 போரில் இருந்து கிடக்கிறது. எம்.ஆர்.ஐ. கருவியின் காந்தம் அதை அசைக்கலாம், சூடாக்கலாம். என்ன உலோகம், எந்த நாளத்துக்குப் பக்கத்தில் என்று தெரியாமல் உள்ளே விட அவர்கள் சம்மதிக்கவில்லை. அது சரியான முடிவுதான். பதிலுக்கு சி.ரி. ஸ்கான் எடுத்தார்கள். நாலாம் ஐந்தாம் நாரி முள்ளெலும்புகளுக்கு இடையில் தட்டு (டிஸ்க்) கொஞ்சம் வெளியே தள்ளியிருக்கிறது, நரம்பு நெரிபடவில்லை என்று அறிக்கை.

அறிக்கையை அவர் நம்பவில்லை. "அந்தப் பெரிய படத்திலதான் டொக்டர் எல்லாம் வடிவாத் தெரியுமாம். எனக்கு அதை எடுக்கேலாது எண்டுட்டினம்." தன் வியாதி எடுக்கப்படாத அந்தப் படத்துக்குள் இருக்கிறது என்று 14 மாதத்தில் பாதியை அவர் யோசித்தே கழித்திருக்கிறார். இதை நான் அப்போது கணக்கில் எடுக்கவில்லை. பிறகு வருகிறேன்.

பரிசோதனையில்

முதலில் பார்க்க வேண்டியதைப் பார்த்தோம். காய்ச்சல், மெலிவு, சலம் மலம் போவதில் சிக்கல், கால் சோர்வு, இருக்கிற இடத்தில் மரப்பு, முன்பு புற்றுநோய், எலும்பு தேயும் மருந்துகள்: ஒன்றும் இல்லை. தசை வலு, தொடுவுணர்ச்சி, முழங்கால் கணுக்கால் அனிச்சைகள் எல்லாம் சரி. நெருக்கீடு பற்றிப் பேசுகிற எவரும் இந்தப் பட்டியலைத் தாண்டாமல் பேசக் கூடாது. "யோசனையால் வருது" என்று அனுப்பிவிட்ட நாரி நோ, பிறகு முள்ளந்தண்டுக் காசநோயாகத் திரும்பி வந்ததை இந்தத் தொழிலில் இருப்பவர்கள் அறிவோம்.

மல்லாக்கப் படுக்கவைத்து வலக் காலை நீட்டித் தூக்கினால் 40 பாகையிலேயே "அம்மா" என்றார். கதிரையில் இருத்தி, பாதம் பார்ப்பதுபோல் அதே காலை நேராக்கினேன். பேசிக்கொண்டே 90 பாகை வரை விட்டார். இதைக் கண்டதும் "நடிப்பு" என்று எழுதிய காலம் ஒன்று இருந்தது. கோர்டன் வாடெல் 1980இல் இப்படியான அறிகுறிகளைத் தொகுத்தது பொய்காரரைப் பிடிப்பதற்காக அல்ல. உடம்பைத் தாண்டியும் விசாரிக்க வேண்டிய ஆட்கள் யார் என்று காட்டுவதற்காக. பரிசோதிக்கிறார்கள் என்று தெரிந்தபோது ஒரு நோ, தெரியாதபோது வேறு நோ. இரண்டும் அவருக்கு உண்மைதான்.

குனியச் சொன்னபோது மூச்சைப் பிடித்துக்கொண்டார். சாதாரணமாக ஒருவர் முழுக்கக் குனிந்ததும் முதுகுத் தசைகள் வேலையை விட்டுத் தளர்ந்துவிடும். கையை வைத்துப் பார்த்தேன். இவருடைய தசை கல்லுப்போல் இருந்தது, கடைசி வரை தளரவில்லை. நிமிர்ந்தபின் ஒரு பெருமூச்சு. பத்து நிமிடத்தில் ஏழெட்டுப் பெருமூச்சு விட்டிருப்பார்.

நோ 10க்கு எத்தனை என்று கேட்டால் எங்கள் ஆட்கள் "சரியான நோ" என்றுதான் சொல்வார்கள். ஒரு ரூபாய்க்கு எத்தனை சதம் நோ என்று கேட்டால் உடனே கணக்கு வரும். "எழுபத்தஞ்சு சதம் இருக்கும்." அதன்பின் அந்த அளவையே வைத்துக்கொண்டோம்.

மனதைப் பற்றிக் கேட்பதிலும் சொல் முக்கியம். "கவலை இருக்கோ அக்கா?" என்றால், "கவலை ஆருக்குத்தான் இல்லை?" என்று கதவைச் சாத்திவிடுவார்கள். "யோசனை?" என்றேன். "யோசனை எண்டா இருக்கு. இரவு ரெண்டு மணிக்கு முழிச்சா பிறகு நித்திரையில்லை. நெஞ்சு படபடக்கும்." 14 கேள்விப் படிவமொன்றில் பதகளிப்பு 21க்கு 14 வந்தது, 11 தாண்டினாலே கவனிக்க வேண்டும். மனச்சோர்வு 8.

யாழ்ப்பாணத்தில் மனம் படுகிற பாடு உடம்பின் மொழியில்தான் கூடுதலாக வெளியே வரும். தயா சோமசுந்தரமும் சிவயோகனும் போர்க்காலத்தில் இங்குள்ள பொதுமக்களிடையே நடத்தி 1994இல் வெளியிட்ட ஆய்வில், 41 வீதமானவர்களிடம் மனத்தாக்கம் உடல் உபாதைகளாக வெளிப்பட்டிருந்தது. பதகளிப்பு நோய் 26 வீதம். பெருமூச்சு, நெஞ்சு இறுக்கம், உடம்பு உளைவு என்று வருகிறவரிடம் "மனசில என்ன?" என்று நேரே கேட்பது, சலம் சோதிக்க வந்தவரிடம் சாதகம் கேட்பது போல. அவர் கொண்டுவந்தது நாரி. நாரியில் இருந்துதான் தொடங்க வேண்டும்.

கொப்பி

ஒரு சி.ஆர். கொப்பி வாங்கி, காலை, பின்னேரம், படுக்கப் போகும் நேரம் என்று மூன்று வேளையும் எத்தனை சதம் நோ, அன்று என்ன வேலை என்று எழுதச் சொன்னேன். நான் தேடியது வேலைக்கும் நோவுக்கும் உள்ள தொடர்பு. எந்த வேலை நாரியைக் கெடுக்கிறது என்று தெரிந்தால் அதைத் திருத்தலாம் என்ற சாதாரண எண்ணம்.

நாலு கிழமைக் கணக்கில் வேலைக்கும் நோவுக்கும் பெரிய தொடர்பு தெரியவில்லை. நாள் முழுக்கக் குனிந்து நிற்கிற வியாழக்கிழமைகளில் 50, 55. மடியில் தையலோடு வீட்டில் இருந்த திங்கட்கிழமை இரவுகளில் 80, 85, 75, 80. செவ்வாய் பின்னேரம் 40, 35, 45.

செவ்வாயில் என்ன? கேட்டதும் முகம் மாறியது. நுண்கடன். தையல் மெஷினுக்கு ஒன்று, அதைக் கட்ட இன்னொன்று. செவ்வாய் காலை 10 மணிக்குப் பக்கத்து வீட்டுத் திண்ணையில் குழுவிலுள்ள 12 பெண்களும் கூட வேண்டும். வசூலிக்கிறவர் மோட்டார் சைக்கிளில் வருவார். ஒருத்தி கட்டுக்காசு கொண்டுவராவிட்டால் மற்றவர்கள் போட்டுக் கட்டும் வரை யாரும் எழும்ப முடியாது. "காசில்லாமப் போய் இருக்கேக்க மற்றவையின்ர முகத்தைப் பாக்கேலாது டொக்டர். கடனை விட அது பெரிசு."

அவருடைய விளக்கம் வேறு. திண்ணையில் நேராக இருப்பதால் செவ்வாயில் நாரிக்குச் சுகம் என்றார். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். ஐந்தாம் கிழமை வசூலிக்கிறவர் சொல்லாமல் கொள்ளாமல் வராமல் விட்டார். பெண்கள் மதியம் வரை திண்ணையில் காத்திருந்துவிட்டுக் கலைந்தார்கள். இருந்தது அதே திண்ணை, அதே நேரான இருப்பு. கொப்பியில் செவ்வாய் 80, புதன் 75, வியாழன் 80. வெள்ளி பின்னேரம் அவர் வந்து காசை வாங்கிக்கொண்டு போனார், அன்றிரவு 40.

பிறகு, கூட்டம் நடக்கும் நேரத்திலேயே ஒருமுறை குறிக்கச் சொன்னேன். காசு கையில் முழுக்க இல்லாத ஒரு செவ்வாய் அது. வசூலிக்கிறவர் எதிரே நிற்கிற வேளையில் 30. நடுங்கிக்கொண்டு நின்றேன், ஆனால் நாரி நினைவில் இல்லை என்று பக்கத்தில் எழுதியிருந்தார்.

ஜேமி ரூடி, மேரி மீகர் என்ற இருவர் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஒரு சோதனை இதற்கு மிகக் கிட்ட வருகிறது. ஒரு பகுதியினருக்கு உண்மையாகவே மின் அதிர்ச்சி கொடுத்தார்கள். இன்னொரு பகுதியினருக்கு அதிர்ச்சி வரும் வரும் என்று சொல்லிவிட்டுக் கொடுக்கவில்லை. பிறகு விரலில் சூடு காட்டி நோவின் எல்லையை அளந்தபோது, அதிர்ச்சி வாங்கியவர்கள் கூடத் தாங்கினார்கள். வருமென்று காத்திருந்தவர்களுக்கு எல்லை இறங்கியிருந்தது. பயம் நோவைக் குறைத்தது, பதகளிப்பு கூட்டியது. எதிரே நிற்கிற ஆபத்து ஒன்று, வரப்போகிற ஆபத்து இன்னொன்று. உடம்பு இரண்டையும் ஒன்றாக எடுப்பதில்லை. "நெருக்கீடு நோவைக் கூட்டும்" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்கிறபோது இந்தப் பிரிவு தவறிப்போகிறது.

ஒரு எச்சரிக்கை. திண்ணையில் நோ இறங்கியது பயத்தாலா, கவனம் முழுக்க அந்த ஆளின் வாயில் இருந்ததாலா, எப்படியும் இன்றைக்கு முடிந்துவிடும் என்ற ஆறுதலாலா என்று ஒரு கொப்பியை வைத்துப் பிரிக்க முடியாது. திங்கள் இரவைப் பற்றி மட்டும் எனக்குச் சந்தேகம் இல்லை.

என் பிழை

இதற்கிடையில் நானே ஒரு கெடுதல் செய்திருந்தேன். மூன்றாம் தடவை வந்தபோது, நாரியில் விரலை வைத்து அமத்திக்கொண்டே, "இஞ்சதான் அக்கா அந்தத் தட்டு கொஞ்சம் வெளியில வந்திருக்கு, குனியேக்க கவனம்" என்று சொல்லிவிட்டேன். பேச்சுவாக்கில் வந்த வார்த்தை. அடுத்த பக்கத்தில் 90. முற்றம் கூட்டுவதை நிறுத்திவிட்டார், கிணற்றில் தண்ணீர் அள்ளுவதைக் கணவரிடம் விட்டுவிட்டார். நான் சொன்னதைத் தட்டு எந்த நேரமும் நழுவி விழக்கூடிய சாமான் என்று விளங்கிக்கொண்டிருக்கிறார். வேறெப்படி விளங்க முடியும்?

நாரி நோவே இல்லாதவர்களின் படங்களைப் பார்த்த பல ஆய்வுகளை 2015இல் பிரின்ஜிக்ஜியும் கூட்டாளிகளும் ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். தட்டு வெளித்தள்ளல் 20 வயதுக்காரரில் 30 வீதம், 40 வயதில் 50 வீதம், 80 வயதில் 84 வீதம். நரை போல. இதைத் தெரிந்துவைத்திருந்தும் அந்த வார்த்தை என் வாயில் வந்தது.

வார்த்தை நோவாக மாறுகிற வழியும் கொஞ்சம் தெரிந்ததுதான். துரினில் பப்ரிசியோ பெனெடெட்டியின் குழு, "இது நோவைக் கூட்டும்" என்று சொல்லி, மருந்துச் சத்தே இல்லாத ஒன்றைக் கொடுத்தால் உண்மையாகவே நோ கூடுவதைக் காட்டியது. உடம்பே சுரக்கிற கொலிசிஸ்ரோகைனின் என்ற பொருளைத் தடுக்கிற மருந்தைக் கொடுத்தால் அந்தக் கூடுதல் வரவில்லை. அது நோவை நேரடியாகக் குறைக்கிற மருந்தல்ல. பதகளிப்பில் இருந்து நோவுக்குப் போகிற பாலத்தை மட்டும் மறித்தது. அந்தப் பாலத்தில் என் வார்த்தையும் போய்ச் சேர்ந்திருக்கிறது. அடுத்த தடவை அவரிடம் நேரடியாகச் சொன்னேன்: நான் சொன்னது பிழை அக்கா, தட்டு இறுக்கமாத்தான் இருக்கு, என்ர நாரியைப் படம் எடுத்தாலும் இதுதான் தெரியும். "அப்ப ஏன் அப்பிடிச் சொன்னியள்?" என்றார். பதில் சொல்லத் தெரியவில்லை.

தொடையில் கிடக்கும் பீஸ்

ஆறாம் தடவை தொடைத் தழும்பைப் பற்றிக் கேட்டேன். 2009 மாசி, பங்குனி. மூன்று வயது மகளைத் தூக்கிக்கொண்டு ஓடியபோது செல் விழுந்தது. தொடையில் யாரோ மட்டையால் அடித்தது போல இருந்ததாம், அவ்வளவுதான். ஓடிப்போய் பங்கருக்குள் இறங்கிப் பிள்ளையை இறக்கியபோது பாவாடை ஒட்டியது. அப்போதுதான் இரத்தத்தைக் கண்டார். நோ எப்போது தொடங்கியது என்று கேட்டேன். "அடுத்த நாள் விடியத்தான் டொக்டர். பிள்ளை நித்திரையானாப் பிறகு."

உள்ளே இரும்பு புகுந்த காலில் ஓடும்போது நோவில்லை. ஒன்றும் நெரிபடாத நாரியில் தையலோடு இருக்கும்போது 85 சதம். ஒரே உடம்பு. காயத்தின் அளவும் நோவின் அளவும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

படிப்பில் இதற்கு எப்போதும் காட்டுகிற உதாரணம் ஹென்றி பீச்சர். 1944இல் இத்தாலியின் அன்சியோவில் அமெரிக்கப் படை மருத்துவராக இருந்தவர். கடுமையாகக் காயப்பட்ட சிப்பாய்களில் நாலில் ஒரு பங்கினர்தான் நோ மருந்து வேண்டுமென்றார்கள் என்று 1946இல் எழுதினார். அவர் சொன்ன காரணம், காயம் அவர்களுக்குப் போர்க்களத்தில் இருந்து விடுதலை, பாதுகாப்பான ஆஸ்பத்திரிக்குப் போகிற டிக்கெட். எனக்கு இந்த விளக்கத்தில் எப்போதும் ஒரு இடறல் உண்டு. இந்த அக்காவுக்குக் காயம் எந்த விடுதலையும் தரவில்லை. போக இடமில்லை; அடுத்த செல் எப்போது என்று தெரியாது. ஆனாலும் நோ வரவில்லை. கையில் பிள்ளை இருந்தது, செய்ய ஒரு வேலை இருந்தது. காயத்துக்கு நல்ல அர்த்தம் கிடைத்தால்தான் நோ அடங்கும் என்றில்லை. அந்த நிமிடத்தில் நோவைவிட அவசரமான ஒன்று இருந்தாலே மூளை அதைத் தள்ளிவைக்கும் என்றுதான் எனக்குப் படுகிறது.

தள்ளிவைக்கிற பொறியும் கற்பனையில்லை. நடுமூளையில் நீர்க்கால்வாயைச் சுற்றியிருக்கிற சாம்பல்நிறப் பகுதி ஒன்றை மின்சாரத்தால் தூண்டிக்கொண்டு, மயக்கமருந்தே இல்லாமல் எலிக்கு வயிற்றில் அறுவை செய்யலாம் என்று டேவிட் ரெனோல்ட்ஸ் 1969இல் காட்டினார். உடம்பு தானே சுரக்கிற அபின் போன்ற பொருளை 1975இல் அபர்டீனில் ஹியூஸும் கோஸ்டர்லிட்ஸும் கண்டுபிடித்தார்கள். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், அன்று பங்கர் வரை அவரை ஓடவைத்தது எது என்று ஒருமாதிரி விளங்கும்.

தண்ணி மாறுகிறவர்

இதை அவருக்கு எப்படிச் சொல்வது? 1965இல் மெல்சாக்கும் வோலும் முன்வைத்த கொள்கைக்கு ஆங்கிலத்தில் 'கேற்', அதாவது படலை, என்று பெயர்: முண்ணாணில் (முள்ளந்தண்டுக்குள் ஓடும் நரம்பு வடம்) ஒரு படலை இருக்கிறது, கீழிருந்து வரும் நோச் செய்தியை எவ்வளவு விடுவது என்று அது தீர்மானிக்கிறது, மூளையும் மேலிருந்து அதைத் திறக்கும், சாத்தும். படலை என்று சொல்லிப் பார்த்தேன். தலையாட்டினார், விளங்கிய தலையாட்டல் இல்லை. பிறகு தோட்டத்துக்கு வந்தேன். மெஷின் இறைக்கிற தண்ணீர் ஒரே அளவுதான். எந்தப் பாத்திக்கு எவ்வளவு என்பது வாய்க்காலில் மண்வெட்டியோடு நிற்கிற, தண்ணி மாறுகிற ஆளின் கையில். அந்த ஆள் பதறிப்போய் மடையைச் சாத்தாமல் விட்டால், பாத்தி அழுகும் அளவுக்குத் தண்ணீர் நிற்கும். கிணற்றில் தண்ணீர் கூடினதாக அர்த்தமில்லை.

உடனே பிடித்துக்கொண்டார். "அப்ப திங்கட்கிழமை இரவு மடை துறந்து கிடக்குது." அதுதான். பதகளிப்பிலும் நித்திரைக் குறைவிலும் மூளைத்தண்டின் சில நரம்பணுக்கள் மடையைச் சாத்துவதை விட்டுத் திறந்துவிடுகிற பக்கம் சாய்கின்றன. மாதக்கணக்கில் அப்படித் திறந்தே கிடந்தால் முண்ணாணின் நரம்பணுக்களே கூர்மையாகிவிடும். சும்மா தொட்டாலும் நோ, பக்கத்து இடமும் நோ. கிளிபோர்ட் வூல்ப் 1983இல் காட்டிய இதைத்தான் மையக் கூர்மையாதல் என்கிறோம். நாரியில் தொடங்கியது பிடரிக்குப் போனதற்கு இன்னொரு தட்டைத் தேட வேண்டியதில்லை.

"அப்ப எனக்கு விசர் இல்லைத்தானே?" அன்றுதான் அந்தக் கேள்வி வந்தது. 14 மாதமும் அதைக் கேட்கப் பயந்துகொண்டுதான் இருந்திருக்கிறார்.

செய்தவை

டைக்ளோபெனாக் வயிற்றை எரித்துக்கொண்டிருந்தது. மருத்துவர் அதை நிறுத்தி, அமிற்றிப்டிலின் 10 மில்லிகிராம் இரவில் கொடுத்தார். அதன் தாளைப் பார்த்த பக்கத்து வீட்டுப் பெண், "இது விசருக்குக் குடுக்கிற குளிசையெல்லோ" என்று சொல்ல, ஐந்து நாள் அலுமாரிக்குள் கிடந்தது. இந்தச் சிறிய அளவு நோவுக்கும் நித்திரைக்கும்தான், மனச்சோர்வுக்குக் கொடுப்பது இதைப்போல பல மடங்கு என்று மருத்துவர் கணவரையும் வைத்துக்கொண்டு சொன்ன பிறகுதான் போட்டார்.

மூச்சு: உள்ளே நாலு எண்ணி, வெளியே ஆறு எண்ணி, நிமிடத்துக்கு ஆறு மூச்சு. பத்து நிமிடம். திங்கள் இரவில் மட்டும் செய்தால் அதுவே பயத்தின் அடையாளமாகிவிடும் என்பதால் எல்லா நாளும், விளக்கு வைத்த பிறகு. தேவாரத்தை இழுத்துப் பாடுவதும் இதே வேலையைத்தான் செய்கிறது என்று அவரே கண்டுபிடித்து, எண்ணுவதை விட்டுவிட்டார். நான் மறுக்கவில்லை.

குனிவது: இதுதான் அதிக நாள் எடுத்தது. நோ வந்தால் நிறுத்து என்று சொல்வதை விட்டு, மணியைப் பார்த்து நிறுத்து என்றேன். முதலில் முக்காலியில் வைத்த சுளகில் அரிசி பொறுக்குவது ஐந்து நிமிடம். பிறகு நிலத்தில் வைத்து. பிறகு முற்றத்தில் கால்வாசி கூட்டுவது. நல்ல நாளென்று முழு முற்றத்தையும் கூட்டிவிட்டு அடுத்த இரண்டு நாள் படுப்பது இவர்களின் பழக்கம். நல்ல நாளிலும் கால்வாசியோடு நிற்கவைப்பதுதான் கடினம். ஒவ்வொரு குனிவிலும் மூச்சை வெளியே விட வேண்டும். ஏழாம் கிழமையில் கையை வைத்துப் பார்த்தபோது, முழுக்கக் குனிந்த நிலையில் முதுகுத் தசை முதல்முறையாக இளகியது. அவருக்கும் தெரிந்தது, "இப்ப விட்டிட்டுது" என்றார்.

கடன்: நான் இயன்மருத்துவர், கடனோடு எனக்கென்ன என்று ஒரு மாதம் பேசாமல் இருந்தேன். அது கோழைத்தனம் என்று இப்போது நினைக்கிறேன். திங்கள் இரவுக்கு மூச்சுப் பயிற்சி கொடுத்துவிட்டுச் செவ்வாயை அப்படியே விடுவது என்ன வைத்தியம்? பிரதேச செயலகத்தின் உளவளத்துணை உத்தியோகத்தரிடம் அனுப்பினேன். அங்கே பேசியதில் இரண்டு விஷயம் நடந்தன: ஒரு கடனின் தவணை மாதத்துக்கு ஒருமுறையாக மாறியது, மற்றதை அண்ணன் பொறுப்பெடுத்தார். அண்ணனிடம் அதுவரை சொல்லவே இல்லையாம். வெட்கம்.

பின்தொடர்ந்ததில்

மூன்றாம் மாதத்தில் திங்கள் இரவு 45, மற்ற நாள் 30க்கும் 35க்கும் இடையில். ஆறாம் மாதத்தில் எல்லா நாளும் 20, 25. பதகளிப்பு 14இல் இருந்து 7. தோட்டத்துக்கு அரை நாள் போகிறார். எதனால் குறைந்தது என்று கேட்டால் பிரித்துச் சொல்ல முடியாது. எல்லாவற்றையும் ஒன்றாகத்தான் செய்தோம். தவணை மாறிய கிழமையிலேயே 20 சதம் இறங்கியது என்பதையும், குளிசை அதற்கு ஒரு மாதம் முந்தியே தொடங்கியிருந்தது என்பதையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கலாம், அவ்வளவுதான்.

பொருந்தாதவையும் உண்டு. மகளின் ஏ.எல். சோதனைக் கிழமைகளில் ஏறும் என்று எதிர்பார்த்தேன், 20லேயே நின்றது. மார்கழியில் காரணமே தெரியாமல் பத்து நாள் 60. மழை என்றார். இருக்கலாம்.

கடைசியாக வந்தபோது குளிசையை நிறுத்தலாமா என்று கேட்டார். மருத்துவர் மெல்ல மெல்லக் குறைப்பார் என்று சொன்னேன். எழும்பிப் போகும்போது வாசலில் நின்று, "அந்தப் பெரிய படம் இனி எடுக்கலாமோ டொக்டர்?" என்றார். பீஸ் உள்ளே இருக்கும் வரை அவர்கள் விடமாட்டார்கள் என்றேன். கொஞ்ச நேரம் தொடையைத் தடவிக்கொண்டு நின்றார்.

"சரி, அது கிடக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, செருப்பை எடுக்கக் குனிந்தார்.